தேதி போடாத சீட்டு

ரௌஷான் அக்காவை எனக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும். அதில் முக்கால்வாசியை அவளைக் கேலி செய்தே கழித்தேன். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது வந்து போட்டுக்கொடுப்பதைவிட அது மேல்.

அல்மாட்டி நகரத்திலிருந்து மலைக்கு வருகிற பேருந்து கடைசியாகத் திரும்புகிற இடத்தில் என் சம்சாக் கடை. கறி அடைத்த சம்சாவைச் சுட ஒரு தந்தூர் அடுப்பு, மூன்று மேஜை, ஒரு தேநீர் அண்டா, அவ்வளவுதான். முப்பது தப்படி தள்ளி, பாதை தொடங்குகிற இடத்தில் மலை நடப்போர் சங்கத்தின் மரக்குடில். அதன் சன்னலுக்குப் பின்னால் ஒரு தடித்த பதிவேட்டையும் சிவப்புப் பென்சிலையும் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு விடுமுறை நாளில் வீட்டில் இருந்தால் உடம்பு அரிக்கும். குளிர்காலத்தில் பனிச்சறுக்குப் பலகையோடு வருவார்கள். ஏப்ரலில் பனி உருகுகிற இடத்தில் பூக்கிற சின்னப் பூக்களைப் பார்க்க வருவார்கள். கோடையில் கூடாரம், இலையுதிர் காலத்தில் காட்டு ஆப்பிள். எதுவுமே இல்லாத சேற்று மாதத்திலும் சும்மா ஏறி இறங்கிவிட்டு, எதையோ சாதித்த மாதிரி என் கடையில் ஆறு சம்சா தின்பார்கள். எனக்கென்ன, நல்லதுதான்.

ஏறுகிறவன் பதிவேட்டில் பெயர், போகிற இடம், எத்தனை மணிக்குள் திரும்புவான் என்பதை எழுத வேண்டும். திரும்பியதும் அவள் சிவப்புப் பென்சிலால் பெயரை அடிப்பாள். இன்னொரு வழக்கமும் உண்டு. அக்தாஸ் சிகரத்தின் உச்சியில் கற்குவியலுக்குள் ஒரு தகர டப்பா இருக்கிறது. மேலே போகிறவன் அதில் முன்னால் வந்தவன் வைத்த சீட்டை எடுத்துக்கொண்டு, தன் சீட்டை எழுதி வைக்க வேண்டும். எடுத்த சீட்டைக் கீழே கொண்டுவந்து அக்காவிடம் கொடுக்க வேண்டும். எங்கள் அப்பா காலத்திலிருந்து இப்படித்தான். சீட்டு கொண்டுவராதவன் உச்சிக்குப் போனேன் என்றால் இங்கே ஒருவரும் நம்பமாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ரௌஷான் அக்கா அக்தாஸ் மேல் ஒருமுறைகூட ஏறியதில்லை. இரண்டு முழங்காலும் போய்விட்டன. இருபத்திரண்டு வருஷம் நகரத்து டிராமில் கண்டக்டராக நின்றே வேலை பார்த்தவள். டிராமை நிறுத்திய பிறகு இங்கே வந்தாள். புருஷன் இல்லை, மகள் தொலைவில், கரகாண்டாவில். இறங்கி வருகிற ஒவ்வொருவனையும் நிறுத்தி, "கறுப்புப் பாறைகிட்ட பனி எவ்வளவு இருந்துச்சு? காத்து எந்தப் பக்கம்?" என்று வக்கீல் மாதிரி குடைவாள். ஜனம் களைத்துப்போய் வரும், அவளுக்குப் பதில் சொல்லியே மறுபடி களைத்துப்போகும்.

"மேல போகாமலே மலையை மனப்பாடம் பண்றீங்களே அக்கா, பரீட்சையா எழுதப் போறீங்க?" என்று கேட்பேன்.

"நீ அடுப்பைப் பாரு இல்ஷாத். போன தடவை அடியில கரிஞ்சிருந்துச்சு" என்பாள்.

போன வருஷம் சனவரியில்தான் அந்தக் கூத்து நடந்தது. மாலை ஆறு மணியாகியும் ஒரு பெயர் அடிக்கப்படாமல் இருந்தது. அக்கா மீட்புக் குழுவுக்குப் போன் செய்தாள். குழுத் தலைவர் ஓராஸ் எட்டுப் பேரோடு கிளம்பினார். உறைபனியில் விடியும்வரை தேடினார்கள். தேடப்பட்ட மகானுபாவரோ உச்சியைத் தாண்டி மறுபக்கம் பெல்சுப் பள்ளத்தாக்கில் இறங்கி, நண்பன் வீட்டு வெந்நீர்க் குளியலறையில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தகவல் சொல்ல மறந்துவிட்டாராம். ஓராஸுக்கு இடது காலில் பனியில் விறைத்துப்போன இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

அக்கா குதிரைக் கறிச் சாறு காய்ச்சி எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். ஓராஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்படியே பாத்திரத்தோடு திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு ஓராஸ் நொண்டி நொண்டி எங்கள் பக்கம் வந்தாலும் குடிலைப் பார்க்காமலே போவார். சங்கத்துக்காரர்கள் புது விதி போட்டார்கள்: சொன்ன நேரம் தாண்டினால் முதலில் வீட்டுக்குப் போன் செய், சொன்ன நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் பொறு, பிறகு மீட்புக் குழுவைக் கூப்பிடு. இன்னொரு தடவை இப்படி வெட்டியாகக் கூப்பிட்டால் குடிலையே இழுத்து மூடிவிடுவோம் என்றும் சொன்னார்கள்.

நான் என் பங்குக்கு அவளுக்கு 'சைரன் அக்கா' என்று பெயர் வைத்தேன். ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அதை அதிகமாகப் பரப்பியவன் நூர்கிசா. எங்கள் வழித்தடத்திலேயே பேருந்து ஓட்டுபவன், நாற்பத்தாறு வயது, நல்ல வாய். வாரம் முழுக்க மலையடிவரை வண்டி ஓட்டிவிட்டு ஞாயிறன்று அதே மலையில் நடக்க வருவான். வண்டியிலிருந்து ஆட்களை இறக்கும்போது, "எல்லாரும் நேரத்துக்கு வந்துடுங்கப்பா, இல்லேன்னா சைரன் அக்கா ஹெலிகாப்டர் அனுப்பிடும்" என்பான். சன்னல் திறந்திருக்கும். அவள் காதில் விழும்.

மார்ச் முதல் ஞாயிறு. புதனிலிருந்து வெள்ளிவரை விடாமல் பனி கொட்டியிருந்தது. சனிக்கிழமை யாரும் ஏறவில்லை. ஞாயிறு காலை எட்டு மணிக்கு நூர்கிசா தனியாக வந்தான். பதிவேட்டில் 'அக்தாஸ், இரண்டு மணிக்குள்' என்று எழுதினான்.

"மேல மேகம் இறங்கிட்டு வருதுடா. போன வாரம்தானே போனே. இன்னைக்கு வேணாமே" என்றாள் அக்கா.

"போன வாரம் சாப்பிட்டேன்னு இந்த வாரம் சாப்பிடாம இருக்கேனா? ரெண்டு மணி ஒரு நிமிஷம் ஆச்சுன்னா சைரன ஊதிடுங்கக்கா" என்று சிரித்துக்கொண்டே போனான்.

ஒன்பது மணிக்கு கிம் என்கிற கொரிய வம்சத்துப் பையனும் அவனுக்கு நிச்சயம் செய்த பெண் அலீனாவும் அதே அக்தாஸுக்கு ஏறினார்கள். அதற்குள் மேகம் எங்கள் தலைக்கே இறங்கிவிட்டது. என் அடுப்புப் புகை எது, மேகம் எது என்று எனக்கே தெரியவில்லை. வியாபாரம் படுத்துவிட்டது. பன்னிரண்டரைக்கு மேல்தான் வெளுத்தது.

இரண்டு மணியாயிற்று. நூர்கிசா வரவில்லை. இரண்டரைக்கு அக்கா குடிலை விட்டு வெளியே வந்து பாதையைப் பார்த்தாள். மூன்று மணிக்கு மறுபடி வந்தாள். அவன் போன் அணைந்து கிடந்தது. விதிப்படி அவன் வீட்டுக்குப் போட்டாள். ஒலிபெருக்கியில் போட்டதால் நானும் கேட்டேன்.

"அவரா? பெல்சுல அவங்க அக்கா வீட்டுல இன்னைக்கு விருந்து. உச்சியத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிடுவேன்னு போன வாரமே சொல்லிட்டிருந்தாரு. அங்க போன் சிக்னல் கிடையாது. சாயந்திரம் வந்துடுவாரு" என்றாள் அவன் மனைவி ஜிபெக். பின்னால் தொலைக்காட்சி ஓடும் சத்தம் கேட்டது.

போனை வைத்துவிட்டு அக்கா கைகளைப் பிசைந்தாள். அவள் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. "விடுங்கக்கா. அவன் அங்க கறியை வெளுத்துக் கட்டிட்டு இருப்பான். போன வருஷக் கதைதான்" என்றேன்.

"அதான்டா எனக்கும் பயமா இருக்கு. போன வருஷக் கதையா இருந்துட்டா?" என்றாள். பிறகு மெதுவாக, "இல்லாம இருந்துட்டா?" என்றாள்.

நான் அடுப்பைப் பார்க்கப் போகவில்லை.

மூன்றரைக்கு கிம்மும் அலீனாவும் உடம்பெல்லாம் பனியோடு இறங்கி வந்தார்கள். அலீனா பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க ஆன்ட்டி, டப்பாவுல இருந்தது."

அக்கா பிரித்தாள். நூர்கிசாவின் கையெழுத்து. எனக்கும் தெரியும் அந்தக் கோணல் எழுத்து. '11.40. தனியாக வந்தேன். காற்றே இல்லை. நகரம் முழுக்கத் தெரிகிறது, எங்கள் டிப்போகூட. நூர்கிசா.' அவ்வளவுதான்.

எனக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா! பதினொன்னே முக்காலுக்கு உச்சியில உக்காந்து ஊரை ரசிச்சிருக்கான். அப்படியே அந்தப் பக்கம் இறங்கிட்டான். சிவப்புப் பென்சிலை எடுங்க."

அவள் பென்சிலை எடுக்கவில்லை. சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க எத்தனை மணிக்கு உச்சியில இருந்தீங்க?" என்று கிம்மைக் கேட்டாள்.

"ஒரு மணி ஆன்ட்டி. நாங்க போய்ச் சேர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் மேகம் விலகுச்சு. அதுவரைக்கும் முன்னாடி போற இவளோட முதுகே தெரியல."

"வழியில நூர்கிசா தடம் இருந்துச்சா?"

"கறுப்புப் பாறை வரைக்கும் இருந்துச்சு. அதைப் பிடிச்சுத்தான் போனோம். அதுக்கு மேல இல்ல. முகட்டுல காத்து அடிச்சு மூடியிருக்கும்னு நினைச்சோம்."

அக்கா பதிவேட்டைப் பின்னுக்குப் புரட்டினாள். போன ஞாயிறு நூர்கிசா ஏறியிருக்கிறான். அதற்குப் பிறகு இன்றுவரை அக்தாஸுக்கு ஒருவர் பெயரும் இல்லை. அவள் விரல் அந்த வரியில் நின்றது.

"இல்ஷாத், இது இன்னைக்கு எழுதின சீட்டு இல்லடா" என்றாள். "போன ஞாயித்துக்கிழமை எழுதினது. அன்னைக்கு வானம் கண்ணாடியா இருந்துச்சு. இன்னைக்கு அந்த நேரத்துக்கு அவனுக்கு டிப்போ எப்படித் தெரியும்? பாவி, தேதி போட்டிருக்க மாட்டானா!"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. இன்று அவன் உச்சிக்குப் போயிருந்தால் தன் பழைய சீட்டைத் தானே எடுத்திருப்பான். புதுச் சீட்டு டப்பாவில் இருந்திருக்கும். பழையது அங்கேயே இருந்தது என்றால் அவன் மேலே போகவே இல்லை. உச்சியைத் தாண்டாமல் பெல்சுவுக்கு வழியே கிடையாது. ஆக, பெல்சு விருந்தில் அவன் இல்லை. கறுப்புப் பாறைக்குப் பக்கத்தில் எங்கேயோ கிடக்கிறான்.

அலீனாதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்போ நாங்க அவரைத் தாண்டியேவா போனோம்?" கிம் முகத்தில் ஈயாடவில்லை. திரும்பும்போது இருவரும் உட்கார்ந்தபடியே சறுக்கிக்கொண்டு வந்துவிட்டார்களாம், எதையும் பார்க்கவில்லையாம்.

அக்கா போனை எடுத்தாள். எண்ணை அழுத்தாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். மணி மூன்று நாற்பத்தைந்து. விதிப்படி இன்னும் கால்மணி நேரம் பொறுக்க வேண்டும். அவள் பொறுக்கவில்லை.

ஓராஸ்தான் எடுத்தார். போன் இப்போதும் ஒலிபெருக்கியில்தான் இருந்தது. அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"மேகமா? இங்க கீழ காலையிலேர்ந்து வெயில் அடிச்சுது. உச்சி மேகத்துக்கு மேல இருந்திருக்கும்" என்றார் ஓராஸ்.

"இருந்திருக்கட்டும். மேல நின்னு கீழ பாத்தா மேகம்தானே தெரியும்? டிப்போ எப்படிய்யா தெரியும்?"

"நடுவுல ஒரு நிமிஷம் கலைஞ்சிருக்கலாம். மேல ஒரு நாள்கூட கால் வைக்காதவங்க எனக்கு மலையைச் சொல்லாதீங்க." சட்டென்று சொல்லிவிட்டார். அக்காவின் கண் நிறைந்துவிட்டது. குரலில் காட்டிக்கொள்ளவில்லை.

"நான் கால் வைக்கல. வச்சவங்க சொன்னதை மட்டும்தான் சொல்றேன். என்னை நம்ப வேணாம். இங்க இல்ஷாத் இருக்கான், கேளுங்க."

போன் என் கைக்கு வந்தது. ஓராஸ் என்னை நன்றாக அறிவார். சைரன் என்று பெயர் வைத்தவன் நான் என்பதும் தெரியும்.

"இல்ஷாத், விளையாடாம சொல்லு. பதினொன்னே முக்காலுக்கு அங்க மேகம் இருந்துச்சா, இல்லையா? என் பசங்க ஏழு பேரை இந்தப் புதுப்பனியில ஏத்தணும். சும்மா அக்காவுக்காகச் சொல்லாத."

நாள் முழுக்க மேகம் இருந்தது என்று தெரியும். ஆனால் அந்த நேரத்தில், அந்த நிமிஷத்தில் இருந்ததா? அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு வார்த்தை எடுத்துக்கொடுக்கவில்லை. அப்போதுதான் அந்தப் பேருந்து நினைவுக்கு வந்தது. பதினொன்று முப்பத்தைந்துக்கு வர வேண்டியது ஐந்து நிமிஷம் தாமதமாக, விளக்குகளைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வந்தது. வளைவு தெரியாமல் என் மேஜையில் முட்டி, ஒரு தட்டு சம்சாவைப் பனியில் கொட்டியது. அந்த ஓட்டுநரோடு நான் போட்ட சண்டை மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

"இருந்துச்சுண்ணே. பஸ்காரனுக்கு என் மேஜையே தெரியல. முட்டிட்டான். சத்தியமா இருந்துச்சு" என்றேன்.

"போனை அவங்ககிட்ட குடு" என்றார் ஓராஸ். "எங்க தேடணும்?" என்று அவளைக் கேட்டார். அப்படிக் கேட்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

"கறுப்புப் பாறைக்கு இடது பக்கம். ஒவ்வொரு மார்ச்சும் அங்க பனி முகட்டைத் தாண்டி வெளிய நீட்டிட்டு நிக்கும், கீழ ஒண்ணும் இருக்காதுன்னு எல்லாரும் எங்கிட்ட சொல்லியிருக்காங்க. மேகத்துல தரைன்னு நினைச்சு மிதிச்சிருப்பான். கீழ ஃபர் மரங்கள் நிக்கிற பள்ளம். அங்கதான் பாக்கணும்."

இருபது நிமிஷத்தில் மீட்பு வண்டி வந்தது. ஓராஸ் இறங்கினார். அந்தக் காலோடு அவர் ஏற வேண்டியதில்லை, ஏறினார். போகும்போது குடில் பக்கம் பார்த்தார். கிம் நானும் வருகிறேன் என்று நின்றான். தடத்தைக் காட்ட அவனையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பிறகு காத்திருந்தோம். வெயில் எதிர்மலைக்கு மாறியது. ஐந்து மணிக்குக் குளிர் இறங்கத் தொடங்கியது. ஜிபெக்குக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "என்னன்னு சொல்லுவே?" என்றாள் அக்கா. அலீனாவுக்குப் பால் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவள் குடிக்காமல் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அடுப்பில் கையைக் காட்டிக்கொண்டு, அவன் பெல்சுவில் கறி தின்றுகொண்டிருக்கட்டும், எங்கள் எல்லாரையும் முட்டாளாக்கட்டும் என்று அல்லாவை வேண்டினேன். பிறகு, அப்படி ஆனால் ரௌஷான் அக்காவின் கதி என்ன என்று நினைத்து, அதையும் முழுசாக வேண்ட முடியவில்லை.

ஐந்தரை ஆயிற்று. மீட்புக் குழுவோடு பேசுகிற கம்பியில்லாப் பெட்டி கரகரத்தது. முகட்டில் ஓர் ஓரம் புதிதாக உடைந்திருக்கிறது என்றார்கள். கீழே கயிற்றில் ஆளை இறக்குகிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு பெட்டி பேசவில்லை. அக்கா அதைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

ஆறு மணி அடிக்கப் பத்து நிமிஷம். "அக்கா" என்றது ஓராஸின் குரல். "இருக்கான். கால் உடைஞ்சிருக்கு. உயிரோட இருக்கான்."

கடைசி வெளிச்சம் இருக்கும்போதே சறுக்குக் கட்டிலில் வைத்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். மரத்தடியில் பள்ளம் தோண்டி முதுகுப்பையின் மேல் சுருண்டு கிடந்தானாம். காலை பத்து மணிக்கு விழுந்தவன். கிம்மும் அலீனாவும் மேலே பேசிக்கொண்டு போனது அவனுக்குக் கேட்டிருக்கிறது. கத்தியிருக்கிறான், அவர்களுக்குக் கேட்கவில்லை. திரும்பி இறங்கியபோதும் கத்தியிருக்கிறான். அதில் தொண்டை கட்டிவிட்டதாம்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் கட்டிலைக் குடில் வாசலில் வைத்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. அக்கா குனிந்து போர்வையைச் சரிசெய்தாள். அடுத்த நொடி கத்தத் தொடங்கிவிட்டாள்.

"தேதி போட மாட்டியாடா நீ? உனக்கு என்ன கேடு? ரெண்டு நம்பர்டா! அந்த ரெண்டு நம்பருக்கு உன் கையில வலு இல்லையா?"

யாரும் அவளைத் தடுக்கவில்லை. ஓராஸ் காலணியைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். நூர்கிசா ஏதோ சொல்ல வந்தான், குரல் வரவில்லை. அவள் காதை அவன் வாயருகே கொண்டுபோனாள். நான் பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

"நீங்க இந்தத் தடவை ஓராஸைக் கூப்பிட மாட்டீங்கன்னு நினைச்சேன் அக்கா. நாங்க பேசின பேச்சுக்கு... அதான் அவங்க இறங்கிப் போனதுக்கு அப்புறம் கத்துறதை விட்டுட்டேன்."

அக்கா நிமிரவில்லை. அவன் தலையைத் தன் கையில் ஏந்திக்கொண்டாள்.

"நானும் அப்படித்தான்டா நினைச்சேன்" என்றாள்.